வெளிச்சத்தால் ஜலத்தைச் சுத்தி செய்யும் பிஸ்மத் பொடிகள்: தாமிரபரணிப் பாசனக்காரர் அறிய வேண்டியவை

தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்போருக்கு ஜலத்தின் அளவைப் பற்றிய கவலை பரம்பரையாக உள்ளது. அணையில் எத்தனை அடி நிற்கிறது, கார் சாகுபடிக்கு எப்போது மடை திறப்பார்கள், பிசானம் கதிர் முற்றும் வரை ஜலம் தாங்குமா என்பவை ஆண்டுதோறும் எழும் கேள்விகள். ஜலத்தின் குணத்தைப் பற்றிய கவலையோ அண்மைக் காலத்தில் சேர்ந்துகொண்டது. முன்னோர் அதைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது.

பொதிகை மலையில் உற்பத்தியாகிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலில் சேரும் இந்நதி சுமார் 128 கிலோமீட்டர் நீளமே உடையது. இச்சிறு தூரத்திற்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் அமைந்து, சுமார் 86,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கின்றன. மேல் அணைக்கட்டுகளின் வாய்க்கால்களுக்கு மலைஜலம் ஏறக்குறைய அப்படியே கிடைக்கிறது. மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் திருநெல்வேலி, பாளையங்கோட்டை நகரங்களுக்குக் கீழே இருப்பதால், அந்நகரங்களின் சாக்கடையில் சுத்தி செய்யப்படாமல் ஆற்றில் விழும் பகுதியும் அவற்றின் வாய்க்கால்களில் கலந்தே வருகிறது. பாபநாசத்தில் ஸ்நானம் செய்வோர் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவரும் வழக்கத்தால் சேரும் கழிவும் சிறிதன்று. இந்த அசுத்தத்தைப் பற்றிய வழக்குகளை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆற்றை நேரிலேயே வந்து பார்வையிட்டனர் என்பதை வாசகர்கள் அறிவர்.

இந்நிலையில், சூரிய வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் ஜலத்திலுள்ள அசுத்தத்தை அழிக்கும் பொடிகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன என்றும், அவற்றுள் பிஸ்மத் என்னும் உலோகத்திலிருந்து செய்யப்படுபவை விசேஷமானவை என்றும் செய்திகள் வருகின்றன. செய்தி பொய்யன்று. ஆனால் அதிலிருந்து பாசனக்காரர் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளாவிடில், பிற்காலத்தில் நிலத்திற்கு நஷ்டம் நேரக்கூடும். அதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வெளிச்சம் எவ்வாறு வேலை செய்கிறது

பயிரின் இலையில் உள்ள பச்சையம் சூரிய வெளிச்சத்தை ஏற்று, ஜலத்தையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு மாவுப்பொருளை உண்டாக்குகிறது. வெளிச்சத்தின் சக்தி ரஸாயன வேலையாக மாறுவதற்கு இதைவிடப் பழகிய உதாரணம் விவசாயிக்கு வேண்டியதில்லை. இலை செய்யும் இவ்வேலையின் ஒரு பகுதியைத் தாதுப்பொடி ஒன்றைக்கொண்டு செய்விப்பதே இங்கு கூறப்படும் முறை. இத்தகைய பொடிக்கு ஒளி ஊக்கி என்று பெயர். ஊக்கி என்பது தான் செலவழியாமல் பிற பொருள்களின் மாறுதலைத் துரிதப்படுத்தும் வஸ்து.

1972-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தைச் சேர்ந்த பூஜிஷிமா, ஹோண்டா என்னும் இரு விஞ்ஞானிகள், டைட்டானியம் ஆக்ஸைடில் செய்த தகட்டை ஜலத்தில் அமிழ்த்தி அதன்மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், ஜலம் ஹைட்ரஜன் வாயுவாகவும் பிராணவாயுவாகவும் பிரிவதைப் பிரசுரித்தனர். அன்று முதல் இத்துறை வளர்ந்து வருகிறது.

பொடியின் ஒவ்வொரு துகளிலும் எலெக்ட்ரான் என்னும் மிக நுண்ணிய மின்துணுக்குகள் கீழ்ப்படியில் தங்கியிருக்கின்றன. போதிய சக்தியுள்ள வெளிச்சம் பட்டால் ஓர் எலெக்ட்ரான் மேற்படிக்கு ஏறுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. மேலே ஏறிய எலெக்ட்ரான் ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பற்றுகிறது. காலியான இடமோ அருகிலுள்ள ஜலத்திலிருந்தோ அசுத்தப் பொருளிலிருந்தோ எலெக்ட்ரானைப் பறிக்கிறது. இவ்விரண்டாலும் மிகுந்த வீரியமுள்ள, நொடிப்பொழுதே நிலைக்கும் வஸ்துக்கள் தோன்றி, சாயம், சோப்பு, பூச்சிமருந்து, கிருமி முதலிய உயிர்க்கரிப் பொருள்களைச் சிதைக்கின்றன. வேலை முழுமையாக நடந்தால் கடைசியில் எஞ்சுவன பெரும்பாலும் கரியமில வாயுவும் ஜலமுமே.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. மேலே ஏறிய எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை எவ்வேலையும் செய்யாமல் உடனே பழைய இடத்திற்கே விழுந்துவிடுகின்றன. கமலையில் இறைத்த ஜலம் வாய்க்காலை அடையுமுன் கிழிந்த சாலின் வழியே கிணற்றிலேயே ஒழுகிவிடுவதைப் போன்றது இது. மாடு நடந்தது மெய். ஜலமும் ஏறியது மெய். வயல் மட்டும் நனையவில்லை. ஒளி ஊக்கிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒழுக்கை அடைக்கும் வேலையே ஆகும். இருவகைப் பொடிகளை ஒட்டவைத்து, ஒன்றில் ஏறிய எலெக்ட்ரானை மற்றொன்று ஏந்திக்கொள்ளும்படி அமைப்பது அதற்கான உபாயங்களில் ஒன்று.

டைட்டானியம் இருக்கப் பிஸ்மத் எதற்கு

டைட்டானியம் நமக்கு அந்நியமான பொருளன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளப்படும் கருமணலில் உள்ள இல்மனைட் என்பது டைட்டானியமும் இரும்பும் கலந்த தாதுவே. வெள்ளை வர்ணங்களுக்கு வெண்மை தருவதும் டைட்டானியம் ஆக்ஸைடே. அது மலிவானது, ஜலத்தில் கரையாதது, நெடுநாள் கெடாதது.

அதன் குறை ஒன்றே. எலெக்ட்ரானை மேற்படிக்கு ஏற்ற அதற்கு அதிகச் சக்தி வேண்டும். ஆகையால் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா வெளிச்சத்தில்தான் அது வேலை செய்யும். பூமியை அடையும் சூரிய சக்தியில் புறஊதாப் பங்கு நூற்றுக்கு நாலைந்தே. கண்ணுக்குப் புலப்படும் வெளிச்சமோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உள்ளது. சித்திரை வெயில் முழுவதும் கொட்டினாலும் அதில் இருபதில் ஒரு பங்கையே டைட்டானியம் ஏற்கிறது.

பிஸ்மத் சேர்ந்த சேர்மங்களில் கீழ்ப்படி இயற்கையாகவே சற்று உயர்ந்திருக்கிறது. ஏற வேண்டிய உயரம் குறைவதால், புலப்படும் வெளிச்சத்தின் ஒரு பகுதியும் எலெக்ட்ரானை ஏற்றப் போதுமானதாகிறது. பிஸ்மத்தும் வனேடியமும் சேர்ந்த பிஸ்மத் வனடேட் என்பது மஞ்சள் நிறப் பொடி. வர்ணத் தொழிலில் முன்பே வழங்குவது. நீல, ஊதா வெளிச்சத்தை அது விழுங்குவதனாலேயே மஞ்சளாகத் தோன்றுகிறது. விழுங்கிய அவ்வெளிச்சத்தைக் கொண்டு அது ஜலத்திலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கும் என்பதை 1990-களின் இறுதியில் டோக்கியோவில் அகிஹிகோ குடோ என்பவரும் அவர் சகாக்களும் காட்டினர். பிஸ்மத் டங்ஸ்டேட், பிஸ்மத்துடன் குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை சேர்ந்த ஏடு ஏடான பொடிகள், இரும்பு சேர்ந்த பிஸ்மத் பெர்ரைட் முதலியவை பின்னர் ஆராய்ச்சிக்கு வந்தன.

பிஸ்மத் ஈயத்திற்கு அடுத்த இடத்திலுள்ள கன உலோகம். 271 பாகை வெப்பத்திலேயே உருகுவதால், தீப்பிடித்தால் தானே திறக்கும் ஜலக்குழாய் மூடிகளுக்கு வேண்டிய கலப்புலோகங்களில் அது சேர்க்கப்படுகிறது. பிற கன உலோகங்களைப்போல் அது கொடிய விஷமன்று. அதன் உப்புக்கள் சில வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியர்களால் கொடுக்கப்படுகின்றன. ஜலத்தில் இடும் பொருளுக்கு இது முக்கியமான அனுகூலம். எனினும் பிஸ்மத்துடன் சேர்ந்த மற்ற உலோகங்களுக்கும் இதே நற்சாட்சி கொடுத்துவிடலாகாது. வனேடியம் கரைந்து ஜலத்தில் கலந்தால் தீங்கு செய்யும். பிஸ்மத் வனடேட்டோ அமிலமோ காரமோ மிகுந்த ஜலத்தில் சிறிது சிறிதாக அரிபடக்கூடியது. ஆகவே எந்தப் பொடியானாலும் கண்ணாடி, மண்ணோடு முதலியவற்றின்மேல் உறுதியாகப் படியவைத்து உபயோகிப்பதே நன்று. ஜலத்தில் தூவிவிட்டுப் பின்னர் வடிகட்டுவது கடினம்.

எந்த அசுத்தம் போகும், எது போகாது

விவசாயிக்கு மிகவும் முக்கியமான விஷயம் இதுவே. ஜலத்தின் அசுத்தங்களை நான்கு வகுப்பாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, உயிர்க்கரிப் பொருள்கள். சாயங்கள், சோப்புகள், பூச்சிமருந்துகளின் மிச்சம், ஆஸ்பத்திரிக் கழிவில் வரும் மருந்துகள் முதலியன இதில் அடங்கும். ஒளி ஊக்கிகள் இவற்றைச் சிதைக்க வல்லவை. சோதனைச்சாலைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சாயங்களில் ஒன்றான ரோடமைன்-பி என்பது, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனை தடை செய்யப்படக் காரணமாயிருந்த அதே சிவப்புச் சாயம்.

இரண்டாவது, கிருமிகள். வெளிச்சமும் ஊக்கியும் சேர்ந்தால் இவை மடியும். ஊக்கி இல்லாமலே, தெளிந்த ஜலத்தை நிறமற்ற பிளாஸ்டிக் சீசாவில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால், மேகமூட்டமாயின் இரண்டு நாள் வைத்தால், பேதி முதலியவற்றை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் அழிகின்றன. வெள்ளக்காலத்தில் காய்ச்சிக் குடிக்க வழியில்லாத இடத்தில் இது உதவும். ஜலம் கலங்கலாயிருந்தால் முதலில் தெளியவைக்க வேண்டும். இம்முறையால் ரஸாயன அசுத்தம் நீங்காது.

மூன்றாவது, கன உலோகங்கள். உலோகம் மூலப்பொருளாதலால் எந்த வெளிச்சமும் அதை அழித்துவிட முடியாது. ரூபத்தை மாத்திரம் மாற்றலாம். தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்து வரும் குரோமியத்தின் மிகக் கொடிய ரூபத்தை, அதனிலும் தீங்கு குறைந்த ரூபமாக மாற்ற ஒளி ஊக்கிகளால் இயலும். அப்படி மாறிய குரோமியமும் அங்கேயே இருக்கும். அதைப் படியவைத்து அகற்றும் வேலை தனியாக நடந்தாக வேண்டும்.

நான்காவது, கரைந்த உப்புக்கள். சமையல் உப்பும் அதைப் போன்ற ஸோடிய உப்புக்களும் ஒளி ஊக்கியால் அணுவளவும் குறைவதில்லை. சிதைந்த சாயத்திலிருந்த கந்தகமும் குளோரினும் உப்பாகவே ஜலத்தில் தங்குவதால், உப்பு சற்றே கூடும் என்றும் சொல்லலாம்.

இவ்வகுப்புக்களை மனத்திலிருத்தினால் ஓர் உண்மை புலனாகும். கண் காண்பது முதல் வகுப்பை மட்டுமே. சிவந்த ஜலம் வெளுத்தால் சுத்தியாயிற்று என்று கண் சொல்கிறது. பயிரின் வேரோ நான்காம் வகுப்பைத்தான் முதலில் உணர்கிறது.

நிறம் மறைந்ததே சாயம் அழிந்ததற்குச் சாட்சி ஆகாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சில சாயங்கள் வெயிலில் தாமாகவே வெளுக்கும். பத்தமடையில் சாயந்தோய்த்த கோரைப் பாயை நாட்கணக்கில் வெயிலில் போட்டாலும் நிறம் மங்கும். மங்கிய சாயம் இல்லாமற் போய்விட்டதென்று யாரும் சொல்லமாட்டார். நிறம் தரும் கணு ஒன்று அறுபட்டால் சாயம் நிறமற்ற வேறு பொருளாகிறது; அப்பொருள் முன்னதிலும் தீயதாக இருக்கலாம். ஆகவே ஜலத்தில் எஞ்சியுள்ள மொத்தக் கரிப்பொருளை அளந்து காட்டினாலன்றி, ஒருவர் கொண்டுவரும் வெளுத்த ஜலச் சீசாவைக் கண்டு திருப்தியடைதல் கூடாது.

நொய்யல் தரும் பாடம்

மேற்கூறியது வெறும் யோசனையன்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலாற்றில் பல்லாண்டுகள் கலந்தது. அவ்வாற்றின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992-ஆம் ஆண்டில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, விரைவிலேயே சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணைக்குக் கீழுள்ள ஆயக்கட்டுதாரர்கள், தங்களுக்காகக் கட்டிய அணையின் ஜலத்தைத் தங்கள் நிலத்தில் விட வேண்டாமென்று மன்றாட வேண்டிய நிலை ஏற்பட்டது. கிணறுகளும் கெட்டன. வழக்கு பல ஆண்டுகள் நடந்தபின், கழிவை வெளியே விடாமல் முழுவதும் சுத்தி செய்து திரும்ப உபயோகிக்காத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

அங்கே நிலத்தைக் கெடுத்தது எது? பார்த்தவர் கண்ணில் நிற்பது நிறமே. ஆனால் பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்காகத் தொட்டியில் ஏராளமாகச் சேர்க்கும் உப்பே மண்ணையும் கிணற்றையும் கெடுத்த பிரதான காரணம். அந்த ஜலத்தில் உலகிலேயே சிறந்த ஒளி ஊக்கியை இட்டிருந்தாலும், ஆறு தெளிவாக ஓடியிருக்கும்; பயிர் முன்போலவே கருகியிருக்கும். தெளிவாகத் தோன்றுவதால் எவரும் புகார் செய்திருக்கவும் மாட்டார் என்பதே இதிலுள்ள அபாயம். திருப்பூரில் பிற்பாடு நிலைத்த முறை, சவ்வுகளின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்து, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைத்து, உப்பையும் ஜலத்தையும் மீண்டும் தொழிலுக்கே உபயோகிப்பதாகும். அது செலவு மிகுந்த முறை. ஆயினும் உப்புக்கு வேறு சுலபமான வழி இல்லை.

உப்பின் கணக்கை ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நெற்பயிருக்கு ஒரு போகத்தில் 1000 மில்லிமீட்டர் உயரம் ஜலம் பாய்ச்சினால் அது சுமார் 40 லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருப்பின், ஒரே போகத்தில் ஏக்கருக்கு 4 டன் உப்பு வந்து சேருகிறது. நல்ல வடிகாலும் மழையும் இருந்தால் அதில் பெரும்பகுதி கழுவிப் போகும். இல்லாவிடில் மண்ணிலேயே தங்கும். மண்சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். வாழை உப்பை நெல்லைவிடக் குறைவாகவே தாங்கும் என்பதை ஸ்ரீவைகுண்டம் பகுதியிலுள்ள வாழைச் சாகுபடிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

சோதனைச்சாலையும் வாய்க்காலும்

ஆராய்ச்சிகளில் வழக்கமாக நூறு மில்லிலிட்டர் அளவு ஜலத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் பொடியை இட்டு, விளக்கின்கீழ் ஒன்றிரண்டு மணி நேரம் கலக்குவார்கள். ஜலம் காய்ச்சி வடித்ததாயும், அதில் சாயம் ஒன்றே கலந்ததாயும் இருக்கும். நம் வாய்க்காலிலோ வண்டல், பாசி, உப்பு, சாணம் யாவும் உண்டு. வண்டல் வெளிச்சத்தை மறைக்கும். பாசி பொடியின்மேல் படியும். சாக்கடையிலுள்ள சாதாரண அழுக்கே ஊக்கியின் வீரியத்தைக் குடித்துவிடும்.

இவற்றையெல்லாம் மறந்து, பொடி நன்றாகவே வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓடும் சிறு வாய்க்காலில் ஒரு நாளில் வரும் ஜலம் சுமார் 24½ லட்சம் லிட்டர். நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் வீதம் சுமார் 60 ஏக்கர் நெல்லுக்கு அது போதும். வெளிச்சம் அடிவரை எட்டும்படி அதை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பி ஒரு பகல் முழுதும் நிறுத்த வேண்டுமானால், சுமார் 6 ஏக்கர் பரப்புள்ள தொட்டி தேவை. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் பொடி 2,400 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். அதாவது அறுபது ஏக்கரைக் காக்க ஆறு ஏக்கரைத் தொட்டியாக்க வேண்டும். எந்த மிராசுதாரும் இதற்குச் சம்மதியார்.

இதனால் இவ்வாராய்ச்சி வீண் என்று கருதலாகாது. அசுத்தம் ஆற்றில் கலந்து விரிந்தபின் பிடிப்பது அசாத்தியம். உற்பத்தியாகும் இடத்தில் சிறு அளவில், அடர்த்தியாக இருக்கும்போதே பிடிப்பது சாத்தியம் என்பதே இக்கணக்கின் பொருள். ஆஸ்பத்திரிக் கழிவு, சிறு சாயச்சாலையின் தொட்டி, பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கழுவிய ஜலம் ஆகியவையே இப்பொடிகளுக்கு ஏற்ற இடங்கள். அங்கும், சாதாரண உயிரியல் முறையால் சுத்தி செய்தபின் எஞ்சும் பிடிவாதமான பொருள்களை அழிப்பதற்கே இவற்றை வைத்துக்கொள்வது சிக்கனம்.

எரிபொருளும் உரமும்

ஒளி ஊக்கிகளால் ஜலத்தைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றியும் பெரிதாகப் பேசப்படுகிறது. ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியாவும், அம்மோனியாவிலிருந்து யூரியாவும் செய்யப்படுவதால் இது விவசாயியைத் தொடும் விஷயமே. பிஸ்மத் வனடேட் தனியாக நின்று ஹைட்ரஜனைத் தராது. பிராணவாயுவைப் பிரிக்கும் பாதி வேலையையே அது செய்யும். மறுபாதிக்கு வேறொரு பொருளை அதனுடன் இணைக்க வேண்டும். ஜப்பானில் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்னும் வேறு ஊக்கியைக்கொண்டு 100 சதுர மீட்டர் பரப்பில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. விழுந்த சூரிய சக்தியில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் நூற்றுக்கு 0.76 பங்கே.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 5 யூனிட். ஒரு சென்ட் நிலத்தில் அது 200 யூனிட் ஆகும். நூற்றுக்கு ஒரு பங்கு ஹைட்ரஜனாக மாறினாலும் நாளொன்றுக்குக் கிடைப்பது 50 முதல் 60 கிராம். அதே சென்ட் முழுவதும் சாதாரணச் சூரிய மின்தகடுகளைப் பரப்பினால் சுமார் 30 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதைக்கொண்டு ஜலத்தைப் பிரித்தால் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான ஹைட்ரஜன் உண்டாகும். இன்றைய நிலையில் மின்தகடே ஏறத்தாழ பத்து மடங்கு மேல். பம்புசெட்டுக்குச் சூரிய மின்தகடு போட நினைப்பவர் ஒளி ஊக்கிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஜலத்தையும் சேர்த்து, வெளிச்சத்தாலேயே அம்மோனியா உண்டாக்கப் பிஸ்மத் ஆக்ஸிபுரோமைடு உதவும் என்று 2015-இல் சீன ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். உண்டான அளவு மிகச் சொற்பம். வயலோரத்திலேயே உரம் விளையும் காலம் வந்தால் நல்லதே. அதுவரை தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் காற்றிலிருந்து நைட்ரஜனை இழுத்துத் தருவதை எந்தப் பொடியாலும் ஈடு செய்ய முடியாது.

இப்பொழுது செய்யத்தக்கவை

1. நகரங்களுக்குக் கீழுள்ள வாய்க்கால்களில் பாசனம் பெறுவோர், கார், பிசானம் இரு போகங்களின் தொடக்கத்திலும், வெயில் காலத்தில் ஓட்டம் குறைந்த சமயத்திலும் ஜலத்தைப் பரிசோதிக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் சீசாவை அதே ஜலத்தால் மூன்று முறை அலம்பி, வாய்க்காலின் நடுவில், ஓடும் இடத்தில், ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். இடம், தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி அன்றே வேளாண்மை இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

2. பாசனத்திற்குரிய ஜலத்திற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்துள்ள எல்லைகள்: கார அமிலக் குறியீடு 6.0 முதல் 8.5 வரை, மின்கடத்தும் திறன் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோமோ, ஸோடியம் விகிதம் 26, போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராம். இவை மேல் எல்லைகளே. மின்கடத்தும் திறன் 700-ஐத் தாண்டும்போதே வடிகால் விஷயத்தில் கவனம் தேவை.

3. ஸ்நானத்திற்குரிய ஜலத்திற்கு விதிகள் இன்னும் கடுமையானவை. கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. உயிர்வாயுத் தேவை 3-ஐத் தாண்டலாகாது. படித்துறைகள் உள்ள ஊர்களின் பஞ்சாயத்தார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. தெளிப்பான்களையும் பூச்சிமருந்து டப்பாக்களையும் வாய்க்காலில் கழுவலாகாது. கழுவிய ஜலத்தை, கிணற்றிற்கும் ஓடைக்கும் தூரமான தரிசில் ஊற்ற வேண்டும்.

5. கிராமத்துச் சாக்கடை நேரே வாய்க்காலில் விழுமிடங்களில், முதலில் மண்டி படியும் குழியும், அடுத்து நாணலும் கோரையும் வளரும் ஆழமற்ற குளமும் அமைக்கலாம். இதிலும் வேலை செய்வது சூரிய வெளிச்சமே, செலவு குறைவு.

6. கழிவை வெளியே விடும் சாலை எதுவாயினும், அதன் ஜலம் தெளிவாயிருக்கிறது என்ற காரணத்தால் வயலுக்கு விட இசையலாகாது. உப்பின் அளவு, எஞ்சிய கரிப்பொருள், கன உலோகம் ஆகிய மூன்றுக்கும் எழுத்துமூலமான பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டும். சந்தேகமிருந்தால் கிராம நிர்வாக அலுவலர் மூலமாக மாவட்ட ஆட்சியருக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும் தெரிவிக்கலாம். 1974-ஆம் ஆண்டின் ஜல மாசு தடுப்புச் சட்டம் இதற்கு இடந்தருகிறது.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் இப்பள்ளத்தாக்கிலேயே அமைந்திருப்பது நமக்கு ஒரு சௌகரியம். பயிரில் காரணம் தெரியாத கருகல் கண்டால், பூச்சிமருந்தை நாடுமுன் ஜலத்தையும் மண்ணையும் அங்குள்ளவர்களிடம் காட்டி யோசனை கேட்கலாம்.

பிஸ்மத் பொடிகள் பத்து இருபது ஆண்டுகளில் இன்னும் மேம்பட்டு, தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிகளில் தகடுகளாக அமர்ந்து பயன் தரக்கூடும். அவ்வாறு வரும்போது அவற்றை வரவேற்கலாம். ஆனால் ஆற்றில் கலக்கும் அசுத்தத்தைத் தடுக்கும் கடமையை அவை யாரிடமிருந்தும் நீக்கிவிடா. கலங்கிய ஜலத்தைத் தெளிவிக்கப் பொடி உண்டு. உப்பேறிய நிலத்தை மீட்கச் சுலபமான வழி இல்லை என்பதை நொய்யல் கரையில் நிலம் வைத்திருந்தவர்கள் நஷ்டப்பட்டு அறிந்தார்கள். தாமிரபரணிக் கரையில் உள்ளவர்கள் அதை நஷ்டமின்றி அறிந்துகொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது.